பேராதனையிலிருந்து செங்கலடி வரை சைக்கிளில்: கியருக்கு முன் பிரேக்கைப் பாருங்கள்

கேள்வி: செங்கலடியில் எங்கள் வீட்டு வாசலால் போகும் ஏ5 வீதி பேராதனையில்தான் தொடங்குகிறது. நானும் மச்சானும் சைக்கிள்களைக் கண்டிக்கு ஏற்றிக்கொண்டு போய், அங்கிருந்து நுவரெலியா, பதுளை வழியாக மூன்று நாளில் வீடு வந்து சேர நினைக்கிறோம். இரண்டும் 26 அங்குலச் சில்லு, 21 கியர் சைக்கிள்கள். மலையில் ஓடிப் பழக்கமில்லை. ஏப்ரல் விடுமுறையில் போகலாமா? சைக்கிளில் என்ன மாற்ற வேண்டும்?

பதில்: தாராளமாகப் போகலாம். மூன்று நாள் மட்டும் காணாது, ஐந்து நாள் ஒதுக்குங்கள். ஏப்ரலை விட்டுவிடுங்கள். கியரைப் பற்றி நீங்கள் படுகிற கவலையில் பாதியையாவது பிரேக்குக்குக் கொடுங்கள். ஏற்றத்தில் கியர் காணாவிட்டால் இறங்கித் தள்ளலாம். இறக்கத்தில் பிரேக் காணாவிட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

காலத்தை முதலில் முடிவு செய்யுங்கள். இந்த வீதி மலையின் இரண்டு பக்கத்தையும் தொடுகிறது. கம்பளை, புசல்லாவை, இறம்பொடைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் நனையும். நுவரெலியாவைத் தாண்டி வெலிமடைப் பக்கம் இறங்கினால் அதே ஜூலையில் காய்ந்த காற்று முகத்தில் அடிக்கும். டிசம்பர், ஜனவரியில் நிலைமை தலைகீழ்: பதுளை, பசறை, பிபிலை, உங்கள் மட்டக்களப்பு எல்லாம் வடகீழ்ப் பருவமழைக்குள். ஒக்டோபர், நவம்பரில் இரண்டு பக்கமும் மழைதான். இரண்டு பக்கமும் ஓரளவு காய்ந்திருப்பது பெப்ரவரியிலும் மார்ச் முற்பாதியிலும். ஏப்ரலில் பின்னேரம் தவறாமல் இடிமழை வரும். போதாக்குறைக்குப் புத்தாண்டு விடுமுறையில் நாட்டின் வாகனமெல்லாம் நுவரெலியாவுக்கு ஏறும். அந்த ஒடுங்கிய வளைவுகளில் சைக்கிளுக்கு இடமே இருக்காது.

மலையில் கிலோமீற்றரை எண்ணாதீர்கள், உயரத்தை எண்ணுங்கள். மலைக்குப் பழகாத ஒருவர் சாமானோடு, நின்று நின்று போனால், மணிக்கு 300 முதல் 400 மீற்றர் உயரம் ஏறுவார். கண்டி சுமார் 500 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர். இடையில் பள்ளத்தாக்குகளுக்குள் இறங்கித் திரும்ப ஏறுவதையும் சேர்த்தால் 1,500 மீற்றருக்கு மேல் வரும். பாலம் ஒன்று தெரிந்தால் அதற்கு அப்பால் ஏற்றம் ஒன்று காத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கியர். இந்த வகைச் சைக்கிள்களில் பெரும்பாலும் முன்னால் மிகச் சின்னப் பல்சக்கரம் 28 பல், பின்னால் மிகப் பெரியதும் 28 பல். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சில்லும் ஒரு சுற்று, அதாவது சுமார் 2 மீற்றர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 7 கிலோமீற்றரைத் தாண்டும். இறம்பொடை வளைவுகளில் சாமானோடு அந்த வேகத்தை மணிக்கணக்காகப் பிடிப்பது பழகாத காலுக்குக் கடினம். மிதி வேகம் குறைந்து, ஒவ்வொரு மிதியிலும் உடம்பின் பாரத்தையே போட வேண்டி வரும். முழங்கால் நோ தொடங்குவது அங்கேதான். பின்னாலுள்ள ஏழு பல்சக்கரத் தொகுதியைக் கழற்றிவிட்டு 14 முதல் 34 பல் வரையுள்ள தொகுதியைப் போடுங்கள். அதே மிதிக்கு வேகம் மணிக்கு 6 கிலோமீற்றராக இறங்கும். பெரிய பல்லுக்குச் செயின் எட்டாது என்பதால் புதுச் செயினும் சேர்த்தே போடுங்கள். முன் பெரிய பல், பின் பெரிய பல் இரண்டிலும் செயினைப் போட்டுப் பார்க்கும்போது டிரெய்லர் (பின்னால் செயினைப் பல்லுக்குப் பல் மாற்றிவிடும் கியர்க் கை) கிழிந்துவிடுவது போல் இழுபட்டால் செயின் கட்டை.

பழைய செயினையே வைத்திருப்பதானால் அளந்து பாருங்கள். 24 கண்ணி புதிதாக இருக்கும்போது 304.8 மில்லிமீற்றர். 306.4 ஆகிவிட்டால் செயினை மாற்ற வேண்டும். 308ஐத் தொட்டால் பல் தொகுதியும் தேய்ந்திருக்கும், இரண்டையும் மாற்றுங்கள். தேய்ந்த செயின் சமதரையில் சத்தமில்லாமல் ஓடும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போதுதான் வழுக்கும்.

பயணத்தையே நிறுத்திவிடக்கூடிய இன்னொரு பழுதும் இருக்கிறது. சைக்கிளை பஸ்ஸிலோ ரயிலிலோ ஏற்றும்போது வலப்பக்கமாகச் சாய்த்து வைத்தால் டிரெய்லரைத் தாங்கும் காது உள்ளே வளையும். கண்ணுக்குத் தெரியாது. முதல் பெரிய ஏற்றத்தில் மிக இலகுவான கியருக்குத் தட்டியதும் டிரெய்லர் சில்லுக் கம்பிகளுக்குள் போய்ச் சிக்கி, கம்பியும் முறியும், காதும் முறியும். ஆகவே கண்டியில் இறக்கியதும் பின் சில்லைத் தூக்கி, பெரிய பல்லில் செயினைப் போட்டு மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். பின்னாலிருந்து பார்த்தால் டிரெய்லரின் இரண்டு சின்னப் பல்லும் பல் தொகுதியும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஒற்றைக் கியர்ச் சைக்கிளின் சாமான் சின்னக் கடைகளிலும் கிடைக்கும். ஆனால் டிரெய்லர் காது மொடலுக்கு மொடல் வேறு. ஒன்றைக் கையில் வைத்திருங்கள், பொருத்தமான நீளத்தில் மூன்று கம்பிகளையும் பிரேமோடு டேப்பால் ஒட்டி வையுங்கள்.

இனி பிரேக். மட்டக்களப்புப் பக்கச் சமதரையில் முன் பிரேக் இல்லாமலே பல சைக்கிள்கள் ஓடுகின்றன. முன் பிரேக்கைப் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்ற பயமும் நம்மவர்களுக்கு உண்டு. இறக்கத்தில் பாரம் முழுவதும் முன் சில்லுக்கு வருவதால், பின் பிரேக்கை எவ்வளவு இறுக்கினாலும் சில்லு வழுக்குமே தவிர சைக்கிள் நிற்காது. உங்களை நிறுத்தப் போவது முன் பிரேக்தான். உடம்பைச் சீட்டின் பின்பக்கம் தள்ளி, கையை மடக்காமல், படிப்படியாக இறுக்கப் பழகுங்கள். புறப்படுவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே, சாமான் கட்டிய சைக்கிளில், ஏதாவதொரு பாலத்துச் சரிவில் பழகிக்கொள்ளுங்கள்.

ஆளும் சைக்கிளும் சாமானுமாக 90 கிலோ என்றால், 800 மீற்றர் உயரம் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே மெதுவாக இறங்கும்போது சில்லின் ரிம்மில் சேரும் வெப்பம் சுமார் 700 கிலோஜூல். இரண்டு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அந்தச் சூட்டில் டியூபின் காற்று விரியும், ஒட்டுப் போட்ட இடத்தின் பசை இளகும், சில சமயம் டியூப் வெடிக்கும். ஒட்டு மேல் ஒட்டுப் போட்ட டியூபோடு மலைக்குப் போகாதீர்கள், இரண்டு சில்லுக்கும் புது டியூப் போடுங்கள். 1.95 அங்குல டயருக்கு 45 பிஎஸ்ஐ போதும், மழை நாளில் 40. நேரான துண்டில் கொஞ்சம் ஓடவிட்டு, வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு முற்றாக விட்டுவிடுங்கள். விட்ட நேரத்தில்தான் ரிம் ஆறும். நாள் முழுக்க லேசாகப் பிடித்தபடியே இறங்குவதுதான் ஆபத்து. வளைவுக்குள் நுழைந்த பிறகு பிடிப்பது அதைவிட ஆபத்து. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று ரிம்மில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ‘ஸ்ஸ்’ என்று ஆவியானால் ஆறும் வரை ஏற வேண்டாம்.

நான்கு பிரேக் ரப்பரும் புதிதாக இருக்கட்டும், இன்னொரு சோடி பையில் இருக்கட்டும். ரப்பரின் மேல் விளிம்பு டயரைத் தொட்டால் ஒரே இறக்கத்தில் டயரின் பக்கம் அறுந்துபோகும். ரப்பருக்குள் பளபளவென்று உலோகத் துகள் பதிந்திருந்தால் ஊசியால் கிண்டி எடுங்கள், இல்லாவிட்டால் அது ரிம்மைச் சுரண்டும். ரிம்மின் பக்கம் விரலுக்குக் குழிவாகத் தெரிந்தால் அந்தச் சில்லு மலைக்கு ஆகாது. பிரேக் வயரை லீவரின் உள்ளே, உருண்டை முனை இருக்கும் இடத்தில் பாருங்கள். ஒரு இழை அறுந்திருந்தாலும் மாற்றுங்கள். மழையில் முதல் ஒரு சுற்று இரண்டு சுற்றுக்குப் பிரேக் பிடிக்காது, ரிம்மிலுள்ள தண்ணீரை வழித்த பிறகே பிடிக்கும். ஆகவே வளைவுக்கு வெகு முன்னாலேயே லேசாகத் தொட்டு ரிம்மைத் துடைத்து வையுங்கள்.

நாட்களை இப்படிப் பிரியுங்கள். முதல் நாள் பேராதனையிலிருந்து இறம்பொடை. கம்பளை வரை மகாவலிப் பள்ளத்தாக்கு, பெரிய ஏற்றம் இல்லை. சந்தோஷத்தில் வேகமாக ஓடிக் காலை வீணாக்காதீர்கள், புசல்லாவை ஏற்றம் அதற்குப் பிறகுதான். இரண்டாம் நாள் இறம்பொடையிலிருந்து நுவரெலியா. இருபதுக்குச் சற்று அதிகமான கிலோமீற்றர்தான். ஆனாலும் கிட்டத்தட்ட 900 மீற்றர் உயரம், லபுக்கலைத் தேயிலைக்குள்ளால் வளைந்து வளைந்து ஏறும். காலை ஆறு மணிக்கு மிதிக்கத் தொடங்கினால் மழைக்கும் மூடுபனிக்கும் முன் பத்து, பதினொரு மணிக்குச் சேரலாம். அன்றைக்கு அதுவே போதும். பின்னால் சிவப்பு விளக்கு பகலிலும் எரியட்டும். கான் ஓரத்தை ஒட்டி ஓடாதீர்கள். விளிம்பிலிருந்து ஒரு மீற்றர் உள்ளே ஓடினால்தான் பின்னால் வரும் பஸ் இடம் பார்த்து முந்தும். ஒட்டி ஓடினால் அது உரசிக்கொண்டு போகப் பார்க்கும், உங்களுக்கு ஒதுங்கக் கான் மட்டும்தான் மிஞ்சும்.

மூன்றாம் நாள் ஹக்கலை, கெப்பெட்டிபொல, வெலிமடை, ஹாலிஎலை வழியாகப் பதுளை. நுவரெலியாவிலிருந்து 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளைக்கு இறங்குகிறீர்கள், மேலே சொன்ன பிரேக் விஷயமெல்லாம் இன்றைக்குத்தான். சீதாஎலிய தாண்டியதும் இறக்கம் தொடங்கும். அதற்கு முன் வியர்த்த பெனியனைக் கழற்றிக் காய்ந்ததை மாற்றி, காற்றுப் புகாத ஜாக்கெட்டைப் போடுங்கள். விரல் விறைத்தால் பிரேக்கை இறுக்க முடியாது, கையுறை ஆடம்பரம் இல்லை. கெப்பெட்டிபொலயில் மரக்கறிப் பொருளாதார நிலையம் இருப்பதால் லொறி ஓட்டம் கடுமை. வீதியில் கொட்டுண்ட இலையும் சேறும் வழுக்கும்.

நான்காம் நாள் பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை. நுவரெலியாவோடு மலை முடிந்துவிட்டது என்று நினைத்து வருகிறவர்களை இந்தத் துண்டு ஏமாற்றும். பசறைக்கு மறுபடி ஏற்றம், அதன் பிறகு நீண்ட இறக்கம், ஒரு பக்கம் பாதாளம். 2021 மார்ச்சில் பஸ் பள்ளத்தில் விழுந்து பலர் உயிரிழந்த 13ஆம் கட்டை இந்த வழியில்தான் இருக்கிறது. அப்போது பாறை சரிந்து வீதி ஒடுங்கியிருந்தது. இரண்டு பஸ் ஒன்றையொன்று கடப்பதைக் கண்டால் மலைப் பக்கமாக இறங்கி நின்றுவிடுங்கள்.

மழை பெய்திருந்தால் புறப்படும் முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிவிப்பைப் பாருங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐயும் அழைக்கலாம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டிய மழை என்றால் அன்றைக்கு ஓய்வு எடுங்கள். வீதியில் புதிய வெடிப்பு, சாய்ந்த மின்கம்பம், தெளிவாக ஓடிய நீரோடை திடீரென்று கலங்குவது அல்லது வற்றுவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் திரும்புங்கள். 2014இல் மீரியபெத்தையில் லயங்களையே மண் மூடிய மாவட்டம் இது. 2025 நவம்பர் புயல் மழையிலும் மலையக வீதிகள் பல இடங்களில் உடைந்தன, திருத்த வேலை நடக்கும் துண்டுகளை உள்ளூரில் கேட்டுப் போங்கள்.

சாமான் ஆளுக்கு எட்டு கிலோவுக்கு மேல் வேண்டாம். கரியரின் மேல் குவிக்காமல் இரண்டு பக்கமும் தாழத் தொங்கவிடுங்கள். எல்லாம் பின்னால் இருந்தால் ஏற்றத்தில் முன் சில்லு தூக்கும், தண்ணீரும் கருவிகளும் முன்னால் போகட்டும். மணிக்கு அரை லீற்றராவது குடியுங்கள். தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓடைத் தண்ணீரில் உரமும் மருந்தும் கலந்திருக்கும், எவ்வளவு தெளிவாக இருந்தாலும் தொட வேண்டாம். தோட்டத்துக் கடைகளில் காலையிலேயே ரொட்டியும் கட்டச் சம்பலும் கிடைக்கும், பசிக்க முன் நிறுத்திச் சாப்பிடுங்கள். விழுந்து அடிபட்டால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

ஐந்தாம் நாள் பிபிலையிலிருந்து பதியத்தலாவை, மகாஓயா, செங்கலடி. மலை முடிந்து வெயில் தொடங்கும். இங்கே பயப்பட வேண்டியது யானைக்கு. இரண்டாம் நாள் ஆறு மணிக்குப் புறப்படச் சொன்னோம், இன்றைக்கு அப்படிச் செய்யாதீர்கள். நன்றாக விடிந்து வாகனங்கள் ஓடத் தொடங்கிய பிறகு புறப்பட்டு, பொழுது சாயும் முன் காட்டுத் துண்டுகளைக் கடந்துவிடுங்கள். வீதியோரம் ஈரம் காயாத சாணமும் முறிந்த கிளையும் கண்டால் ஒரு லொறியோ பஸ்ஸோ வரும் வரை நின்று, அதன் பின்னால் போங்கள். மகாஓயாவுக்கு வரவே பின்னேரம் நாலு மணியாகிவிட்டால் அன்றிரவு அங்கேயே தங்குங்கள்.