ஜாமீன் கிடைத்த பிறகும் ஜெயிலில்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் தள்ளுமுள்ளு. இரண்டு பக்கமும் அடி, இரண்டு பக்கமும் வழக்கு. வடக்குத் தெருப் பையன்கள் மூன்றாம் நாளே வீட்டில் இருந்தார்கள். தெற்குத் தெருப் பையன்கள் பட்டியல் சாதி. பந்தல் வேலைக்கும் லோடு ஏற்றவும் போகிறவர்கள். ஐம்பது நாளுக்கு மேல் பாளையங்கோட்டை ஜெயிலில் இருந்துவிட்டு வந்து, இப்போது தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிறார்கள். அவர்களுக்கு ஜாமீன் உத்தரவு பதினெட்டாம் நாளே வந்துவிட்டதாம். நீதிபதி சாதி பார்த்தாரா? டீக்கடையில் ஒருவர், "சில சாதிக்கு ரத்தத்துலயே அடிதடி உண்டு" என்றார். அதற்கும் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒரு வாசகர், நாங்குநேரி வட்டம்

அன்புள்ள தம்பிக்கு,

நீதிபதியின் மனதில் என்ன இருந்தது என்பதை விட்டுவிட்டு, வழக்குக் காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பாருங்கள். நம் பக்கத்து அடிதடி வழக்குகளில் ஏழையும் வசதிக்காரனும் பிரிகிற இடம் தீர்ப்பு அல்ல. தீர்ப்புக்கு வருஷக்கணக்கில் முன்பே, முதல் இரண்டு வாரத்திலேயே பிரிந்துவிடுகிறார்கள்.

முதல் காகிதம் ஆஸ்பத்திரியில் பிறக்கிறது. ஏ.ஆர். காப்பி என்பார்கள், ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல். அடிபட்டவர் டாக்டரிடம் சொன்னது, எத்தனை பேர் அடித்தார்கள், எதனால் அடித்தார்கள் என்பது அதில் ஒரு வரியாகப் பதிவாகும். கார் உள்ளவன் அன்றிரவே வக்கீலிடம் பேசிவிட்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுக்கிறான். கூலிக்காரன் மஞ்சளை அப்பிக்கொண்டு வீட்டில் கிடந்துவிட்டு மறுநாள் போகிறான், அல்லது போவதே இல்லை. அந்த ஒரு வரியை வைத்துத்தான் பிரிவு போடுகிறார்கள். கையால் அடித்தது என்றால் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 115(2); ஸ்டேஷனிலேயே ஜாமீன் வாங்கலாம். அரிவாள் என்ற சொல் சேர்ந்தால் 118(1), கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும். "கொல்லணும்னே வெட்டினான்" என்றால் 109. காயமும் இருந்தால் ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய பிரிவு. கைகலப்பு ஒன்றுதான், மூன்று விதமாக எழுதலாம்.

அடுத்தது கைது. ஏழு வருஷத்துக்கு மேற்படாத தண்டனை உள்ள குற்றங்களில் கைது தானாக நடக்கக்கூடாது, ஏன் கைது அவசியம் என்று போலீஸ் எழுதிக்காட்ட வேண்டும் என்று அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது. இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-ன் 35(3) நோட்டீஸ், கைது செய்யாமல் நேரில் வரச் சொல்வது, அதற்குத்தான். ஆனால் நோட்டீஸ் கொடுத்தால் வருவான் என்ற நம்பிக்கையை உரக்கடை வைத்திருப்பவன் எளிதாகப் பெறுகிறான். வாடகை வீட்டில் இருந்துகொண்டு, வேலைக்காகத் திருப்பூர் போய்வருகிறவனை "தலைமறைவாகிவிடுவான்" என்று எழுதுவது சுலபம். இதில் யாரும் சாதியை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதே இல்லை.

உங்கள் கேள்வியின் நடு இடம் பதினெட்டாம் நாளுக்கும் ஐம்பதாம் நாளுக்கும் நடுவே இருக்கிறது. உத்தரவு வந்தபிறகும் ஏன் வெளியே வரவில்லை? "பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு நபர் ஜாமீன், அதில் ஒருவர் ரத்த உறவு" என்பது போல நிபந்தனை இருந்திருக்கும். பத்தாயிரம் ரூபாயை யாரும் அன்றைக்குக் கட்டப்போவதில்லை. அந்தத் தொகைக்குப் பொறுப்பேற்க ஆள் வேண்டும். ஜாமீன்தாரர் ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, போட்டோ எல்லாம் கொண்டுவந்து கைநாட்டு வைக்கவேண்டும். சில கோர்ட்டில் சொத்து மதிப்புச் சான்றும் கேட்பார்கள். அதற்கு விஏஓ, ஆர்ஐ, தாலுகா ஆபீஸ் என்று அலையவேண்டும். புறம்போக்கில் வீடு இருப்பவனுக்கு எந்த ரசீது? பட்டா தாத்தா பேரிலேயே கிடக்கும். பட்டா உள்ளவன் வடக்குத் தெருக்காரன்; அவன் இந்தப் பையன்களுக்கு வந்து நிற்கமாட்டான். நிலம் எந்தச் சாதியிடம் இருக்கிறதோ, ஜாமீன்தாரரும் அந்தச் சாதியில்தான் கிடைப்பார். சாதி கோர்ட்டுக்குள் நுழைகிற கதவு இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1978-ல் மோதி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்ட நடுவர், ஜாமீன் நின்ற சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அவரை ஏற்கவில்லை. நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாக வழிமுறையே வகுத்துவிட்டது. உத்தரவு வந்து ஏழு நாளில் கைதி வெளியே போகவில்லை என்றால் ஜெயில் சூப்பிரண்டு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் ஜாமீன் கொடுக்க முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டே பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதும் தாமதத்துக்குக் காரணம் என்று அதிலேயே இருக்கிறது. தெற்குத் தெருவுக்கு இதை யாரும் சொல்லவில்லை. எனக்கு ஆற்றாமை அங்கேதான். சட்டத்தில் இருக்கிற வழி தெரியாமல் ஒரு மாதம் போயிருக்கிறது.

காவலில் இருக்கிற எவருக்கும், வருமானம் எவ்வளவானாலும், இலவச வக்கீல் உண்டு. பட்டியல் சாதியினருக்கு வெளியே இருந்தாலும் உண்டு. 15100-க்கு அழைக்கலாம்; மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் நேரில் மனுவும் கொடுக்கலாம்.

சாதி நேரடியாக வருகிற இடமும் உண்டு. தெற்குத் தெரு கொடுத்த புகாரில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் போட்டிருக்கிறதா என்று எஃப்ஐஆரைப் பாருங்கள். "சாதிப்பேர் சொல்லித் திட்டலையே" என்று சொல்லி அதைத் தவிர்ப்பது வழக்கம். 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் 3(2)(விஏ) பிரிவுக்குத் திட்டியிருக்க வேண்டிய அவசியமில்லை. பட்டியல் சாதிக்காரர் என்று தெரிந்தே அடித்தால் போதும். ஒரே ஊர்க்காரன், பழக்கமானவன் என்றால் தெரிந்திருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. அந்தப் பிரிவு இருந்தால் எதிரிகளுக்கு முன்ஜாமீன் கிடையாது. அவர்கள் ஜாமீன் கேட்கும்போது அடிபட்டவருக்கு நோட்டீஸ் வரவேண்டும். டிஎஸ்பி விசாரிக்க வேண்டும். அதனால்தான் எதிர்வழக்கு ஒன்று அவசரமாக முளைக்கிறது. இரண்டு பக்கமும் கைதிகள் இருந்தால், "ரெண்டு பேரும் வாபஸ் வாங்குங்க" என்று சமாதானம் பேச வசதி.

ஜெயிலுக்குள்ளும் இது தொடர்ந்திருக்கிறது. பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் சாதிவாரியாக வேறு வேறு பகுதிகளில் கைதிகளை வைத்திருந்த விஷயம் உச்ச நீதிமன்றத்தின் 2024 அக்டோபர் 3 தீர்ப்பிலேயே வருகிறது. மோதல் வராமல் இருக்கத்தான் என்ற சமாதானத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. கைதிகள் பதிவேட்டில் சாதிக்கான பத்தியையே நீக்கச் சொன்னது.

டீக்கடையில் பேசியவருக்குச் சொல்லவேண்டிய பதில் நம் ஊர்ச் சரித்திரத்தில் இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் காவல் முறை இருந்தது. ஊருக்குக் காவல் நின்று அதற்குச் சுதந்திரம் என்ற காவல் கூலி வாங்கியவர்கள் மறவர்கள். வெள்ளைக்காரன் அந்த முறையை ஒழித்தான். 1911-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்தது. காவல்காரர்களின் சாதிகளில் பலரும் பிறப்பாலேயே குற்றவாளி என்று ரேகை உருட்டும்படி ஆனார்கள். ரத்தத்தில் உண்டு என்பது அந்தச் சட்டத்தின் பின்னிருந்த நினைப்பு, அதை இன்றைக்கும் டீக்கடையில் சொல்கிறார்கள். அந்த முத்திரையைச் சுமந்த சாதியின் பேரர்கள் சில ஊரில் இன்று நிலமும் செல்வாக்கும் உள்ளவர்கள். அதே சொல்லை அவர்கள் தெற்குத் தெருவைப் பார்த்துச் சொல்லும்போது, தங்கள் பாட்டனைச் சொன்ன சொல் அது என்பதை யாராவது நினைவுபடுத்த வேண்டும்.

இப்போது செய்யவேண்டியது. காலை பத்தரை மணிக்குக் கையெழுத்து என்றால் அன்றைய கூலி போய்விடும். நிபந்தனை தளர்த்தக் கோரி மனுப் போடச் சொல்லுங்கள். ஒரு நாள் தவறாமல் கையெழுத்துப் போட்டிருப்பதே அதற்குப் பெரிய ஆதாரம். வேலைக்குப் போகிற இடத்தின் கடிதத்தையும் சேர்க்கலாம். மனு முடிவாகும்வரை ஒரு நாளும் விடக்கூடாது. விட்டால் ஜாமீனை ரத்து செய்யக் கேட்பார்கள்.

விசாரணை தொடங்கும்போது, "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போயிருங்க, வாய்தாவுக்கு அலைய வேண்டாம்" என்று யாராவது சொல்வார்கள். வக்கீலைக் கேட்காமல் சரி என்று சொல்லவேண்டாம். ஒத்துக்கொண்டால் அது தண்டனைத் தீர்ப்பு. நாளைக்குக் காவலர் தேர்வுக்கோ பாஸ்போர்ட்டுக்கோ விண்ணப்பித்தால் அது வரும். வேறொரு வழக்கில் உள்ளே போக நேர்ந்தால், அது மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ வரக்கூடிய குற்றம் இல்லை என்றால், பிஎன்எஸ்எஸ் 479-ன்படி முன்பு தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் விசாரணைக் கைதியாகக் கழித்ததும் ஜாமீனில் வெளியே வரலாம். தண்டனை பெற்றவர் பாதி கழிக்க வேண்டும்.