பிளஸ் டூ முடிந்து கல்லூரி வாசல் வரை: டிசைன் திங்கிங் கேள்வி-பதில்

எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியில் 120 பேர் பிளஸ் டூ எழுதுகிறார்கள். உயர்கல்வி வழிகாட்டலை டிசைன் திங்கிங் முறையில் செய்யச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? (ஆசிரியர்)

போன வருடம் முடித்துப் போனவர்களிடமிருந்து. டிசைன் திங்கிங் என்பது, சிக்கலில் இருப்பவரிடமே கேட்டுப் புரிந்துகொண்டு, தீர்வைச் சிறிதாகச் செய்து பார்த்துத் திருத்தும் முறை. அதற்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பயிற்சி மையமான டி.ஸ்கூல் பரப்பிய படிகள் ஐந்து: புரிந்துகொள்ளுதல், சிக்கலை வரையறுத்தல், யோசனை குவித்தல், மாதிரி செய்தல், சோதித்தல். பள்ளிகள் நேரே மூன்றாவதில் குதித்துவிடுகின்றன. யோசனை எழுத வண்ணச் சீட்டு வாங்குவது சுலபம், பழைய மாணவர் வீட்டைத் தேடிப் போவதுதான் சிரமம்.

எட்டுப் பேர் போதும். கல்லூரியில் தொடர்கிறவர்கள் மூவர், சேர்ந்து பாதியில் நின்றவர்கள் இருவர், இடம் கிடைத்தும் சேராதவர்கள் மூவர். கடைசி மூவரைக் கண்டுபிடிக்க அலைய வேண்டியிருக்கும், ஆனால் அவர்களிடம்தான் விஷயம் இருக்கிறது. (இப்படிக் கோடையில் நழுவிப்போவதற்கு அமெரிக்காவில் 'சம்மர் மெல்ட்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.)

ஒருவருக்கு 40 நிமிடம். ஒரு ஆசிரியர் கேட்க, இன்னொருவர் சொன்ன சொல்லை அப்படியே எழுத வேண்டும். "ஏம்ப்பா சேரல?" என்று கேட்டால் விசாரணை போலாகிவிடும். "வீட்டு நிலைமை சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "ரிசல்ட் வந்த அன்னிக்குக் காலையில என்ன நடந்துச்சு? அப்புறம்? கூட யாரு வந்தா? அன்னிக்கு எவ்வளவு செலவாச்சு?" என்று நாள் வாரியாகக் கேளுங்கள். அம்மாவிடம் தனியாக ஐந்து நிமிடம் பேசுங்கள். பிள்ளை சொல்லாமல் விட்ட பஸ் பிரச்சினையும் கடன் பிரச்சினையும் அங்கேதான் வெளிவரும்.

"மாணவர்களுக்கு உயர்கல்வி பற்றிய விழிப்புணர்வு இல்லை" என்று சிக்கலை எழுதினோம். பயிற்சியாளர் திருப்பி அனுப்பிவிட்டார். என்ன தப்பு?

அந்த வரிக்குள்ளேயே விடையை ஒளித்து வைத்திருக்கிறீர்கள்: விழிப்புணர்வு முகாம். எந்த மாணவர், எந்த வாரம், எதில் சிக்கி நிற்கிறார், எதனால் என்ற நான்கும் வரியில் இருக்க வேண்டும். இப்படி எழுதிப் பாருங்கள்: "வீட்டில் யாரும் கல்லூரிக்குப் போகாத மாணவிக்கு, கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் வாரத்தில் முதல் பட்டதாரிச் சான்றிதழ் கையில் இல்லை. அப்படி ஒன்று வேண்டும் என்பதே அந்த வாரம்தான் அவளுக்குத் தெரிகிறது."

இது கற்பனைச் சிக்கல் அல்ல. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கிடைக்கும் கல்விக் கட்டணச் சலுகைக்கு இந்தச் சான்றிதழ் வேண்டும். குடும்பத்தில் வேறு பட்டதாரி இல்லை என்பதை உறுதிசெய்ய வீட்டில் உள்ளவர்களின் படிப்பு விவரம் கேட்கப்படும். இ-சேவையில் விண்ணப்பித்தாலும் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று மேசை மேசையாக நகர்ந்துதான் வரும். அண்ணன் ஏற்கெனவே இந்தச் சலுகையில் படித்திருந்தால் தங்கைக்குக் கிடைக்காது. இதையும் கடைசி நேரத்தில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

பிறகு அந்த வரியைக் கேள்வியாக்குங்கள்: "பொதுத்தேர்வுக்கு முன்பே எல்லாச் சான்றும் கையில் இருக்க என்ன செய்யலாம்?" இதற்குப் பத்து வெவ்வேறு யோசனைகள் வந்தால் கேள்வியின் அகலம் சரி. ஒன்றே ஒன்றுதான் வருகிறதென்றால் குறுகிவிட்டது. "கல்வி முறையையே மாத்தணும்" என்று யாராவது ஆரம்பித்தால் விரிந்துவிட்டது.

யோசனை சொல்லும் கூட்டத்தில் அதே நாலு பேர்தான் பேசுகிறார்கள்.

பேசவே விடாதீர்கள். ஏ4 தாளை மூன்று முறை மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் வரும். எட்டு நிமிடம், கட்டத்துக்கு ஒரு யோசனை, படமோ இரண்டு வரியோ, வாய் திறக்காமல். ஐந்தாவது கட்டத்தில் எல்லோரும் திணறுவார்கள். அதுவரை வருவது கேட்டுச் சலித்தவை, அதற்கு மேல்தான் புதிது வரும், எனவே நேரத்தைக் குறைக்காதீர்கள். பிறகு ஆளுக்கு மூன்று பொட்டு கொடுத்து, பிடித்த யோசனைகள் மேல் ஒரே நேரத்தில் வைக்கச் சொல்லுங்கள். வரிசையில் வைத்தால் முதல் ஆள் வைத்த இடத்திலேயே பாதிப் பொட்டு விழும். தலைமை ஆசிரியர் அந்த அரை மணி நேரம் அறைக்கு வெளியே இருந்தால் நல்லது.

கல்லூரி, பாடப்பிரிவு தேர்வுக்கு மொபைல் ஆப் செய்யலாமா? முன்னாள் மாணவர்கள் நிதி தரத் தயார். (பள்ளி மேலாண்மைக் குழு)

இப்போதைக்கு வேண்டாம். பல வீடுகளில் ஸ்மார்ட்ஃபோன் அப்பாவுடையது, ராத்திரிதான் வீட்டுக்கு வரும். அதைவிட முக்கியம், மாணவர் எங்கே தடுமாறுகிறார் என்று தெரியாமல் ஆப்பில் என்ன வைப்பீர்கள்? தாளில் ஒரு பொய்க் கலந்தாய்வு நடத்துங்கள். இரண்டு பீரியட், செலவு நூறு ரூபாய்க்குள்.

30 மாணவர்கள், சுவரில் 40 சீட்டுகள். ஒவ்வொரு சீட்டும் ஓர் இடம்: கல்லூரிக் குறியீடு, பாடப்பிரிவு, போன ஆண்டு அந்த இடம் முடிந்த கட்-ஆஃப். ஆளுக்குக் கற்பனை மதிப்பெண் கொடுத்துப் பொறியியல் கட்-ஆஃபை அவர்களையே போடச் சொல்லுங்கள். கணிதம் 90, இயற்பியல் 80, வேதியியல் 70 என்றால் 90+40+35, அதாவது 200-க்கு 165. இயற்பியலையும் வேதியியலையும் பாதியாக்காமல் அப்படியே கூட்டுபவர்கள் முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிடுவார்கள். அடுத்து, விருப்ப வரிசையைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, ஆசிரியர் கம்ப்யூட்டராக மாறி அதிக கட்-ஆஃபில் தொடங்கி ஒவ்வொருவருக்கும் இடம் ஒதுக்க வேண்டும்.

பெரும்பாலும் மூன்று தவறுகள் தெரியும். நான்கே விருப்பம் எழுதியவர், 40 இடம் இருந்தும் வெறுங்கையோடு நிற்பார். குறியீட்டை மாற்றி எழுதியவர் பக்கத்து மாவட்டத்துக்குப் போவார். மூன்றாவதுதான் பெரிய தவறு: "இதுதான் எனக்குக் கிடைக்கும்" என்று நினைத்த கல்லூரியை முதலில் எழுதுவது. கலந்தாய்வில் தர வரிசைப்படி நம் முறை வரும்போது, நாம் எழுதிய வரிசையில் காலியாக இருக்கும் முதல் இடம்தான் ஒதுக்கப்படும். கிடைப்பதை மேலே எழுதினால், அதற்குக் கீழே எழுதிய பிடித்த கல்லூரி காலியாக இருந்தும் கைக்கு வராது. கரும்பலகையில் எத்தனை முறை சொன்னாலும் ஏறாத இந்த விஷயம், தன் சீட்டு கண்ணெதிரே போகும்போது ஏறிவிடும்.

மறுநாள் இரண்டாம் சுற்று. அதில் இனவாரி ஒதுக்கீட்டையும், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றிலேயே சேர்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

எனக்கு பி.காம்., நர்சிங், டிசைன் மூன்றிலும் ஆசை. இந்த முறை எனக்கு உதவுமா? (மாணவி)

உதவும். யோசித்துக்கொண்டே இருக்காமல் ஒவ்வொன்றையும் சிறிதாகச் செய்து பாருங்கள். ஒவ்வொரு படிப்பிலும் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு அக்காவிடம் அரை மணி நேரம் பேசுங்கள். முதலாம் ஆண்டு மாணவிக்கு இன்னும் மயக்கம் தெளிந்திருக்காது. "நல்லா இருக்கா?" என்று கேட்காமல், "நேத்து காலையில இருந்து ராத்திரி வரைக்கும் என்னக்கா செஞ்சீங்க?" என்று கேளுங்கள். மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் அந்தந்தத் துறையின் இலவசப் பாடம் ஒன்றில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். மூன்றில் ஒன்று இந்த வாரத்திலேயே கழிந்துவிடலாம்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் முதல் மாதத்திலேயே ஒதுங்கிவிடுகிறார்கள். கல்லூரித் தொடக்கத்தில் நடத்தும் இணைப்புப் பாடத்தில் (பிரிட்ஜ் கோர்ஸ்) ஆங்கில இலக்கணம் நடத்தியும் பலனில்லை. (கல்லூரி விரிவுரையாளர்)

அவர்களிடம் உட்கார்ந்து கேட்டால் தெரியும், இலக்கணம் இங்கே சிக்கலே இல்லை. முடுக்கம் தெரியும், 'ஆக்சிலரேஷன்' என்றால் அதுதான் என்று தெரியாது. அடர்த்தி தெரியும், 'டென்சிட்டி' புதிது. பாடத்துக்கு 100 கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் அட்டையில் எழுதி, நாளுக்குப் பத்து என்று வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் பாருங்கள். முதலில் ஒரே பிரிவில், இரண்டு வாரம் மட்டும். அட்டையைத் தயாரிக்கும் வேலையை மாணவர்களிடமே கொடுத்தால், எந்தச் சொல் இடிக்கிறது என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

பலன் கிடைத்ததா என்று எப்படிப் பார்ப்பது?

கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு உதவாது. மூன்று எண்கள் போதும்: தேர்வுக்கு முன் எல்லாச் சான்றும் கையில் வைத்திருந்தவர்கள், கல்லூரியில் சேர்ந்தவர்கள், கல்லூரி திறந்த 45-வது நாள் வகுப்பில் இருந்தவர்கள். போன ஆண்டின் எண்களை இப்போதே எடுத்து வையுங்கள், பிறகு தேடினால் கிடைக்காது. 45-வது நாள் ஃபோன் செய்யும் பொறுப்பை வகுப்பாசிரியருக்கு ஆளுக்கு 20 பெயராகப் பிரித்துக் கொடுங்கள். மாணவர் எண் மாறியிருக்கும் என்பதால் டிசி வாங்க வரும் நாளிலேயே வீட்டில் இன்னொருவர் எண்ணையும் வாங்கிவிடுங்கள். அன்று வகுப்பில் இல்லாதவர்களின் பெயர்களைத் தனியாக எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு பேச வேண்டிய எட்டுப் பேரில் ஐவரை அந்தப் பட்டியலிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.