மிலானில் மூன்று நாள்

கேள்வி: மகன் மிலானில் படிக்கிறான். அவனைப் பார்க்கப் போகும்போது மூன்று நாள் கையில் இருக்கும். எந்த மியூசியங்களை விடக் கூடாது?
- ஒரு வாசகி, மயிலாப்பூர்

பதில்: விமான டிக்கெட் கையோடு லியனார்டோ டா வின்சியின் ‘இறுதி இராவுணவு’ சுவரோவியத்துக்கும் ஆன்லைனில் பதிவு செய்துவிடுங்கள். நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் நடக்காது. உள்ளே 15 நிமிடம்தான். எழும்பூர் மியூசியத்தில் வெண்கலச் சிலைகள் முன்னால் ஆற அமர நின்று பழகிய நமக்கு இது அநியாயம்தான்! ஈரச் சுண்ணாம்பில் வரையாமல் காய்ந்த சுவரில் வரைந்ததால், லியனார்டோ காலத்திலேயே வண்ணம் உதிரத் தொடங்கிவிட்டது. நடுவில் கீழே பாருங்கள்: 1652-ல் வாசல் வைக்கச் சுவரை வெட்டியதில் இயேசுவின் பாதங்கள் போய்விட்டன.

என் ஓட்டு ஸ்ஃபோர்ஸா கோட்டைக்கு. மைக்கலாஞ்சலோ 1564-ல் இறக்கும்வரை செதுக்கிய, முடிவு பெறாத ‘ரொந்தனினி பியத்தா’ (இறந்த இயேசுவை மரியாள் தாங்கி நிற்கும் சிலை) அங்கே இருக்கிறது. முன்பு செதுக்கிக் கைவிட்ட ஒரு கை, உடலோடு ஒட்டாமல் தனியாக நிற்கும். சிலையைச் சுற்றி வந்து பாருங்கள்.

அப்புறம், கோட்டைக்குப் பின்னால் பூங்காவைத் தாண்டினால் த்ரியென்னாலே மியூசியம். நாற்காலி, விளக்கு என்று இத்தாலிய டிசைன் எல்லாம் அங்கே. மகனுக்குப் பிடிக்கும். பிரேரா ஓவியக்கூடத்துக்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். திங்கட்கிழமை பெரும்பாலும் விடுமுறை. அன்று கதீட்ரல் கூரைமேல் ஏறிவிடுங்கள், லிஃப்ட் உண்டு.