அசைவம் விட்டபின் முடி கொட்டுவது: உப்புத் தண்ணீரா காரணம்?

சகோதரி, தை மாதம் மீன், முட்டை இரண்டையும் விட்டேன், சித்திரையில் முடி கொத்துக் கொத்தாக வருகிறது, கடலூர் உப்புத் தண்ணீர்தான் காரணமா என்று கேட்டிருந்தீர்கள். தண்ணீர் மேல் பழி போடாதீர்கள், பிறந்ததிலிருந்து அதில்தானே குளிக்கிறீர்கள்!

உடம்பில் ஒரு குறை வந்தால் முடி உடனே கொட்டாது, 2, 3 மாதம் கழித்துத்தான் கொட்டும். உங்கள் கணக்கு அதற்குச் சரியாகப் பொருந்துகிறது. காலையில் இட்லி, மதியம் ரசம் சோறு, உருளைக்கிழங்கு வறுவல் என்று எழுதியிருக்கிறீர்கள். மீன் போன இடத்துக்கு எதுவும் வரவில்லையே. 60 கிலோ எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும், தெளிந்த ரசத்தில் அது எங்கே இருக்கிறது? சுண்டல், பச்சைப்பயறு, தயிர், நிலக்கடலை என்று ஒவ்வொரு வேளையும் ஏதாவது சேருங்கள்.

இரும்புச்சத்துதான் என் பெரிய சந்தேகம். கீரையில் இருப்பது மீனில் இருப்பதைப் போல எளிதில் உடம்பில் சேராது. எலுமிச்சை பிழிந்தால் கூடுதலாகச் சேரும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் தடைபடும். (மூணு வேளையும் சாப்பிட்டதும் டீ என்று வேறு எழுதியிருக்கிறீர்கள்!) மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமென்றால் இன்னும் குறையும்.

ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஃபெரிட்டின் (உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பைக் காட்டுவது), வைட்டமின் பி12, தைராய்டு மூன்றையும் பாருங்கள். பார்க்காமல் இரும்பு மாத்திரை வேண்டாம். முடிக்கு நல்லதென்று தோழி சொன்னதாக எழுதிய பயோட்டின் (ஒரு வகை பி வைட்டமின்) மாத்திரையை ஏற்கெனவே சாப்பிட்டால் லேபில் சொல்லிவிடுங்கள், தைராய்டு முடிவையே அது மாற்றிக் காட்டலாம். வட்டமாக வழுக்கை விழுந்தால் நேராகத் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.