தலையணை வாலும் மஞ்சள் கொழுப்பும்: வாசகர் கேள்விகள்

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு எழுதியிருக்கிறீர்கள் போலும், இம்முறை கேள்விகள் எல்லாம் செம்மறிக் கொழுப்பைச் சுற்றியே வந்திருக்கின்றன. சரி, அதையே பார்ப்போம்.

குவைத்தில் 11 வருடம் வேலை செய்தேன். அங்கே செம்மறியின் வால் தலையணை மாதிரித் தொங்கும். நம் ஊர்ச் செம்மறிக்கு ஏன் அப்படி இல்லை? தீனி போதாதா? (தெமட்டகொடை வாசகர்)

தீனி அல்ல, இனம். நீங்கள் கண்டது பெரும்பாலும் அவாசி. வளைகுடாவில் நயீமி என்பார்கள். யாழ்ப்பாணத்துச் செம்மறிக்கு மூட்டை மூட்டையாகப் புண்ணாக்கு வைத்தாலும் கொழுப்பு சிறுநீரகத்தைச் சுற்றியும் தோலுக்கு அடியிலும்தான் சேரும். வால் வாலாகவே இருக்கும். செம்மறியின் காட்டு மூதாதையான மூஃப்லனுக்கும் வால் குட்டைதான், மெலிந்ததுதான். மனிதன் வளர்க்கத் தொடங்கிய பிறகே கொழுத்த வால் வந்தது. புல் கருகும் மாதங்களுக்கு ஒட்டகத்தின் திமில் போல அது ஒரு சேமிப்பு. சோமாலியாவின் கறுப்புத்தலை ஆடும் தஜிகிஸ்தானின் ஹிசார் ஆடும் அதே சேமிப்பைப் பிட்டத்தில் வைத்திருக்கின்றன.

மெலிந்த வால், கொழுத்த வால் ஆடுகளின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வுகளில் திரும்பத் திரும்ப அகப்படும் மரபணுக்கள் இரண்டு: 15ஆம் நிறமூர்த்தத்தில் பிடிஜிஎஃப்டி, 13ஆம் நிறமூர்த்தத்தில் பிஎம்பி2. இவை கொழுப்பைத் தயாரிப்பவை அல்ல. கலங்களுக்குக் கட்டளை கொண்டுபோகும் புரதங்களை ஆக்குபவை. முதிராத கலம் பெருகிக்கொண்டே இருப்பதா, கொழுப்புக் கலமாக மாறுவதா என்பது இப்படியான கட்டளைகளில் தங்கியிருக்கிறது. கொழுப்பு எங்கே சேர்வது என்பது இனத்தின் விஷயம். எவ்வளவு சேர்வது என்று வரும்போதுதான் உங்கள் புண்ணாக்குக்கு வேலை.

கொழுப்பே இல்லாத செம்மறி உண்டு என்று ரியூஷனில் சேர் சொன்னார். உண்மையா? (உயர்தர மாணவி, வெள்ளவத்தை)

'கொழுப்பே இல்லாத' என்பது சேரின் மிகை. அவர் சொன்னது கலிப்பிஜ் ஆடாக இருக்க வேண்டும். 1983இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் பிறந்த ஒரு கிடாயில் தொடங்கிய கதை அது. கிரேக்கத்தில் 'அழகிய பிட்டம்' என்று பொருள். விஞ்ஞானிகளுக்கும் குறும்பு உண்டு. 18ஆம் நிறமூர்த்தத்தில், டிஎன்ஏ எழுத்துகளில் ஏ இருக்க வேண்டிய ஓர் இடத்தில் ஜி, அவ்வளவுதான் மாற்றம். குட்டி பிறக்கும்போது ஒன்றும் தெரியாது. சில கிழமைகளில் பின்தொடை பருக்கும், கொழுப்புக் குறையும்.

இனிப் பரீட்சைக்குப் படித்த மெண்டலின் பரம்பரை விதிகளைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். மாற்றம் தகப்பனிடமிருந்தும் சாதாரணப் பிரதி தாயிடமிருந்தும் வந்தால் மட்டுமே தொடை பருக்கும். மாற்றம் தாயிடமிருந்து மட்டும் வந்தால் இல்லை. இருவரிடமிருந்தும் வந்தாலும் இல்லை! அந்த இடத்துக்குப் பக்கத்திலுள்ள டிஎல்கே1 என்ற மரபணு, தசையில் மட்டுமீறி வேலை செய்கிறது. கொழுப்புக் கலம் முதிர்வதைத் தடுக்கும் புரதத்தை ஆக்குவதும் அதே டிஎல்கே1தான். ஆனால் இந்தத் தசையில் கல்பாஸ்ரட்டின் என்ற புரதமும் கூடுவதால், வெட்டி வைத்த இறைச்சி மிருதுவாவதில்லை. கறிக்கு உதவாத அழகு.

வாங்கிய செம்மறி இறைச்சியில் கொழுப்பு மஞ்சளாக இருந்தது. பழுதா? (கொட்டாஞ்சேனை வாசகி)

அவசரப்பட வேண்டாம். புல்லிலிருந்து வரும் கரோட்டின் வகை நிறப்பொருள்களை உடைக்கும் நொதிக்கு உரிய மரபணு பிசிஓ2. அதன் இரு பிரதிகளும் பழுதான ஆட்டுக்குக் கொழுப்பு மஞ்சளாகும். நோர்வே ஆடுகளில் இதைக் கண்டிருக்கிறார்கள். சாப்பிடலாம். கொழுப்போடு தசைநாணும் குருத்தெலும்பும் மஞ்சள் என்றால் அது காமாலை பிடித்த ஆடு, தொடாதீர்கள்.

அவுஸ்திரேலியச் செம்மறி ஏன் இவ்வளவு வெடுக்கு? (மருதானை வாசகர்)

கொழும்பில் மட்டன் என்று நாம் பழகியது பெரும்பாலும் வெள்ளாடு, அதனால் வித்தியாசம் உறைக்கிறது. 4-மெதைல் ஒக்ரனோயிக் அமிலம் போன்றவைதான் அந்த மணத்துக்குக் காரணம்; அவை கொழுப்பில் இருக்கின்றன. நலமடிக்காத, வயது போன கிடாயில் கூடுதல். கொழுப்பைச் சீவி எறிந்துவிட்டுச் சமையுங்கள். அப்புறம், பக்கற்றில் 'லேம்ப்' என்று இருப்பதை எடுங்கள், அது குட்டி.