நோஎஸ்கியூஎல்லில் ஒரே தகவல் பல இடங்களில் இருந்தால் அப்டேட்டை எப்படிச் சமாளிப்பது?

நோஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் ஆர்டருக்குள்ளேயே வாடிக்கையாளர் பெயரையும் பொருளின் விலையையும் வைத்திருக்கிறேன், அவை மாறினால் எல்லா ஆர்டரையும் திருத்த வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள்.

ஆர்டரில் இருக்கும் விலை நகலே அல்ல. அன்றைக்கு அவர் கொடுத்த காசு அது. மோங்கோடிபி என்ற நோஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் பழகிய புதிதில் இது எனக்குப் புரியவில்லை. விலை ஏறியதும் பழைய ஆர்டர்களையும் சேர்த்துத் திருத்தும் ஸ்கிரிப்ட் ஒன்றை ஓட்டிவிட்டேன். 120 ரூபாய்க்கு விற்ற எண்ணெய் பழைய பில்லில் 135 என்று மாறியது, மொத்தத் தொகை மட்டும் அப்படியே நின்றது. "கூட்டிப் பார்த்தால் வரலையே" என்று ஒருவர் பில்லோடு வந்த பிறகுதான் தெரிந்தது. பேக்கப்பிலிருந்து மீட்க இரண்டு நாள் ஆனது. டெலிவரி முகவரியும் இதே மாதிரிதான், தொடவே கூடாது.

பெயர்தான் உண்மையான நகல். எப்போதோ ஒரு தடவை மாறும், தினமும் ஆயிரம் தடவை படிக்கப்படும் என்பதால் நகலெடுத்து வைப்பது லாபமே. கையிருப்பு எண்ணிக்கை மாதிரி நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதை நகலெடுக்காதீர்கள், பொருளின் ஐடி மட்டும் போதும்.

சரி, பெயர் மாறினால்? வாடிக்கையாளர் ஆவணம் (அவரைப் பற்றிய பதிவு) ஒன்றுதான் மூலம், ஆப் அங்கே மட்டும் எழுதட்டும். மோங்கோடிபியின் சேஞ்ச் ஸ்ட்ரீம் (மாற்றங்களை உடனுக்குடன் தெரிவிக்கும் வசதி, 3.6 பதிப்பு முதல் உண்டு) வழியாக அதைக் கவனிக்கும் ஒரு நிரல் மற்ற நகல்களைத் திருத்தட்டும். 4.0-இல் பல ஆவணங்களுக்கான டிரான்சாக்‌ஷன் (எல்லா மாற்றமும் சேர்ந்து நடக்கும், இல்லையேல் எதுவும் நடக்காது) வந்தது உண்மைதான். ஆனால் அதற்கு இயல்பாக 60 விநாடிதான் அவகாசம், ஆயிரக்கணக்கான ஆர்டர்களை அதில் அடைப்பது சரிவராது. அமேசானின் டைனமோடிபி டேட்டாபேஸிலோ ஒரு டிரான்சாக்‌ஷனுக்கு 100 ஐட்டம்தான். பழைய பெயர் சில விநாடி தெரிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

மூலத்தில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒன்று கூடும் பதிப்பு எண் வையுங்கள், நகலிலும் அதை எழுதுங்கள். 'செல்வி' என்பது 'செல்வி மு.' ஆகி, உடனே 'செல்வி முருகன்' ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது திருத்தம் முந்திக்கொண்டு, முதல் திருத்தம் தாமதமாக வந்தால் நகலில் 'செல்வி மு.' என்றே தங்கிவிடும். "நகலின் பதிப்பு எண் இதைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் எழுது" என்ற ஒரு நிபந்தனை அதைத் தடுத்துவிடும். பல ஆவணங்களை ஒரே கட்டளையில் மாற்றும் அப்டேட்மெனி, ஒவ்வொரு ஆவணத்தையும் தனித்தனியாகத்தான் மாற்றும், பாதியில் நின்றும் போகலாம். அப்போதும் பயமில்லாமல் திரும்ப ஓட்டலாம்.

அப்புறம், ஆர்டரில் வாடிக்கையாளர் ஐடிக்கு இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் பட்டியல்) போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் ஒரு பெயரை மாற்ற, ஆர்டர்கள் இருக்கும் மொத்த கலெக்‌ஷனையும் அது துழாவும்.