லீவு கேட்டீர்களா, தம்பி?

கேள்வி: சோழிங்கநல்லூரில் ஒரு பெரிய ஐ.டி. கம்பெனியில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். மேனேஜர் எதையும் முடிவு செய்ய மாட்டார். எங்கள் வேலையைக் கிளையன்டிடம் தன் வேலையாகச் சொல்வார். தப்பு நடந்தால் எங்களைக் கைகாட்டுவார். வருடாந்திர மதிப்பீட்டில் மறுபடியும் சுமாரான ரேட்டிங். மதுரையில் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தபோதுகூட, கேட்டாலும் கிடைக்காது என்று லீவு கேட்கவில்லை. தை மாதம் அடுத்த கண்ணுக்கு. பேப்பர் போட்டு வேலையை விட்டுவிடலாமா?

பதில்: உங்கள் மேனேஜர் மாதிரி ஆட்களைப் பற்றி எனக்கு வராத கடிதமில்லை. நல்ல ரேட்டிங் இத்தனை பேருக்குத்தான் என்று மேலிருந்து கணக்கு வரும். முதுகெலும்பில்லாத மேனேஜர், யார் சண்டைக்கு வரமாட்டாரோ அவர் தலையில் சுமாரானதைக் கட்டிவிடுவார். அவரை விடுங்கள்.

‘கேட்டாலும் கிடைக்காது என்று கேட்கவில்லை.’ தம்பி, அவர் வாயே திறக்கவில்லையே! அவருக்காக ‘முடியாது’ என்று சொன்னது நீங்கள். கண்புரை ஆபரேஷன் திடீரென்று வருவதா? தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கும் அனுப்பிவிடுவார்கள். ஆள் தேவைப்படுவது அதற்கு அப்புறம்தான். வாரக்கணக்கில் வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட வேண்டும். வயதானவர் தானே விட்டுக்கொண்டால் பாதி கன்னத்தில் வழியும். யார் விட்டார்கள்? அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. மாதாமாதம் பணம் அனுப்பிவிட்டால் பிள்ளையின் கடமை முடிந்தது என்பதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

1947-ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமே, ஒரு வருடம் வேலை பார்த்தவருக்குச் சம்பளத்தோடு 12 நாள் விடுமுறை, அதுபோகத் தகுந்த காரணத்துக்கு 12 நாள், உடம்பு முடியாவிட்டால் 12 நாள் என்கிறது. பெற்ற தகப்பனுக்குக் கண் தெரிய வேண்டும் என்பதைவிடத் தகுந்த காரணம் எது?

நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்பது அந்த மேனேஜருக்கு நன்றாகத் தெரியும். ரேட்டிங்கும் அதனால்தான் அப்படி வருகிறது. இப்படியே அடுத்த கம்பெனிக்குப் போனால் அங்கேயும் இதே கதிதான்.

அப்பாவிடம் தேதி கேட்டு, இன்றைக்கே லீவுக்கு மெயில் போடுங்கள். காரணத்தை மறைக்காமல் எழுதுங்கள். மறுத்தால் எழுத்தில் மறுக்கட்டும். அதை அப்படியே எச்.ஆருக்கு அனுப்புங்கள். இனி அவர் வாய்வார்த்தையாகச் சொல்லும் வேலையையும் அன்றன்றைக்கே மெயிலில் உறுதி செய்துகொள்ளுங்கள். எதற்கும் அசையவில்லை என்றால், வேறு வேலையைக் கையில் வைத்துக்கொண்டு தாராளமாகப் பேப்பர் போடுங்கள். ஆனால் தை மாதம் பொங்கல் கூட்டம் இருக்கும். மதுரைக்கு டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடுங்கள்.